ராகு காலத்தில் மட்டும் வீட்டிலிருந்தவர்

என் கணவரைச் சூதாடி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவருக்குக் கோபம் வரும், எனக்கும் வாய் வராது. சீட்டுக்கட்டைத் தொட்டறியாத மனிதர் அவர். பூனாவில், கசார்வாடியில் நாங்கள் குடிவந்த புதிதில், தீபாவளி வந்தால் கீழ்வீட்டுக்காரர்கள் பாய் விரித்து மூன்று சீட்டு ஆடக் கூப்பிடுவார்கள். இவர் சிரித்துக் கும்பிட்டுவிட்டு மாடிக்கு வந்து பேப்பர் படிப்பார். ‘அதெல்லாம் நமக்கு எதுக்கு’ என்பார். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு கிரிப்டோ வாங்கி விற்கிறேன் என்று உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவர் பார்த்த வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கல்யாணமாகி நான் திருநெல்வேலியிலிருந்து வந்தபோதே அதே வேலைதான். இயந்திரத்திலிருந்து வரும் துண்டுகளை அளந்து பார்ப்பார். அளவு தப்பினால் அதைத் தனியே எடுத்துப் போடுவார். போட்டால் மட்டும் போதாது, ஏன் தப்பியது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெட்டும் கருவி தேய்ந்ததா, இரும்பு மட்டமா, ஓட்டியவன் தூங்கினானா என்று ஒரு காரணம் எழுதினால்தான் அன்றைய வேலை முடியும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. தயிர் உறையவில்லை என்றால் நான் பாட்டுக்கு மோர்க்குழம்பு வைத்துவிட்டுப் போய்விடுவேன். இவர் பாலா, உறையா, பாத்திரமா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்வார். ‘காரணம் இல்லாம ஒண்ணும் ரிஜெக்ட் ஆவாது’ என்பது அவர் வாயில் தேய்ந்துபோன வாக்கியம். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தத் தொழிற்சாலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். வர விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நான் போபோடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மகள் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் காலையில் கிளம்பிப் போய்விடுவோம். மனுஷன் தனியாக வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்? முதலில் பங்குச் சந்தை பார்த்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் திறக்கும், மதியம் மூடும். சனி, ஞாயிறு லீவு. அவருக்கும் ஆபீஸ் போய் வந்த மாதிரி இருந்தது, சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து காபி குடித்தார்.

பிறகு, கூட வேலை பார்த்த ஒருவர் வந்து கிரிப்டோ சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தவர் இரண்டு மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, போதும்டா சாமி என்று ஊரைப் பார்க்கப் போய்விட்டார். இவர் மாட்டிக்கொண்டார்.

இது வெறுமனே வாங்கி வைத்திருக்கிற சமாசாரம் இல்லை. மகள்தான் எனக்கு விளக்கினாள். கையில் இருப்பதைப் போலப் பல மடங்குக்கு ஆட விடுவார்களாம். விலை ஏறும் என்று ஒரு பக்கம் பணத்தைப் போட்டால், ஏறினால் பல மடங்கு வரும். கொஞ்சம் இறங்கினாலே போதும், நம் பணத்தை முழுசாக எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது எவ்வளவு ஏறினாலும் நமக்குச் சம்பந்தமில்லை. இவருக்கு நடந்ததெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். கணக்கு மூடின கையோடு விலை ஏறும். ‘நெனச்சது சரிதான், கொஞ்சம் தாங்கியிருக்கணும்’ என்பார். தோற்றதைவிட, தான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது என்பதுதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. தப்பாக நினைத்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார்.

இந்தச் சந்தைக்குக் கதவே கிடையாது. ஞாயிறும் இல்லை, பொங்கலும் இல்லை, மதியம் மூடுவதும் இல்லை. சோறு வைத்தால் ஒரு கையில் போன். மகள் ஏதாவது கேட்டால் ‘ம், ம்’ என்பார், என்ன கேட்டாள் என்று தெரியாது. சந்தையை அவர் ‘அவன்’ என்றுதான் சொல்வார். நான் வாங்கினால் அவன் இறக்குகிறான், விற்றால் ஏற்றுகிறான் என்று, ஏதோ பக்கத்துத் தெருவில் இவருக்கென்றே ஒருவன் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி பேசுவார். ஜெயித்த நாளில் வாட்ச்மேனிடம் அரைமணி நேரம் கதை பேசிவிட்டு, காஜு கத்லி வாங்கி வருவார். தோற்ற நாளில் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பார். எங்கள் வீட்டுக் குழாய்கள் அந்த வருடம் மிக நன்றாக இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஊரிலிருந்து என் அண்ணன் வருடாவருடம் அனுப்பும் தினசரித் தாள் கிழிக்கிற நாட்காட்டி அது. சட்டை நனைந்திருந்தது. பெரிதாக ஏதோ போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவரோ விரலைத் தாளில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘மூணரைக்குல்லா போட்டிருக்கேன். மூணுலேருந்து நாலரை ராகு காலம். இதப் பாக்காம இருந்துட்டேனே.’

எவ்வளவு போயிற்று என்று நான் கேட்டேன். அவர் நாட்காட்டியின் அடுத்த தாளைப் புரட்டிப் பார்த்தார். காரணம் கிடைத்துவிட்டதில் அவருக்கு அத்தனை நிம்மதி. என் கணவர் அதுவரை ராகு காலம் பார்த்தவரே இல்லை. நான்தான் புதுச்சேலை உடுத்தவும், ஊருக்குக் கிளம்பவும் பார்ப்பேன். அதற்கே கேலி செய்வார். அன்றிலிருந்து சட்டம் போட்டுக்கொண்டார். ராகு காலம் தொடங்குவதற்கு முன்னால் போட்டதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் போனைத் தொடக் கூடாது. கையில் இருந்தால் பார்க்கத் தோன்றும் என்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஒரு நாளில் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் எனக்குப் புருஷன் இருந்தார். திங்கட்கிழமை என்றால் காலை ஏழரைக்கு ஆரம்பம். அவரே காய் நறுக்கித் தருவார், நான் ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பும்வரை பேசிக்கொண்டிருப்பார். செவ்வாய் சாயங்காலம் நான் வந்து சேரும்போது பாதி ராகு காலம் மிச்சமிருக்கும், ஒன்றாகக் காபி. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை, அது எங்கள் மூன்று பேருக்கும் பெருநாள். மகளும் வீட்டில் இருப்பாள். மேசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்போம். வீட்டில் எதைப் பேசுவதானாலும் அந்த நேரத்துக்குத்தான் எடுத்து வைத்திருப்பேன். மகளுக்கு ஸ்கூட்டர் வாங்க முடிவு செய்தது ராகு காலத்தில். அவளுக்கு வந்த வரனைப் பற்றி முதல் பேச்சு எடுத்ததே ராகு காலத்தில். என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். வேறு எந்த நேரத்தில் பேசினாலும் இவர் காதில் விழாது, நான் என்ன செய்ய?

உண்மையைச் சொல்கிறேன், நான் சந்தோஷமாக இருந்தேன். பணம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தேன். காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது நல்ல நேரத்தை நான் பார்ப்பதே இல்லை. ராகு காலம் எப்போது என்றுதான் கண் போகும். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் மராத்திக்கார அம்மாளிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர்கள் வீட்டில் அதெல்லாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லையாம். ‘ஒன்றரை மணி நேரமாவது போனை வைக்கிறாரே, என் வீட்டில் அதுவும் இல்லை’ என்று சிரித்தார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சட்டம் போட்டதால் சந்தை நின்றுவிடவில்லை. மழைக்காலம் முடிந்து குளிர் ஆரம்பித்திருந்த சமயம், ஒரே நாளில் எல்லாம் விழுந்தது. தொழிற்சாலை கொடுத்த தொகையில் பெரும்பகுதி அதோடு போயிற்று. அன்றைக்கு அவர் குழாயைத் தொடவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், தண்ணீர் விழும் சத்தம் வரவில்லை. நானும் மகளும் மாறி மாறிக் கதவைத் தட்டினோம். எனக்கு என்னென்னவோ நினைப்பு வந்தது. கடைசியில் அவரே திறந்துகொண்டு வந்தார். எங்கள் முன்னால் போனை எடுத்து, அந்த ஆப்பை அழித்தார். இனி தொட மாட்டேன் என்று மகள் தலையில் கை வைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தியமெல்லாம் வேண்டாம், சாப்பிட வாங்க என்று சொல்லி அழைத்துப் போனேன். மனுஷனை எனக்குத் தெரியாதா?

ஆனாலும் நிறுத்தினார். நான்கு, ஐந்து மாதம் இருக்கும். எனக்கு மெட்ரோவில் கசார்வாடியில் ஏறிப் போபோடியில் இறங்க வேண்டும், நடுவில் இரண்டே நிலையம். அதற்கு இவர் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருவார். பள்ளிக்கூட வாசலில் பையைக் கொடுத்துவிட்டு, கடைவீதியில் கீரை பார்த்துக்கொண்டு நடந்தே திரும்புவார். மகள் பேசினால் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய தமிழ் தட்டுத் தடுமாறி வரும். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். அவர் அதைக் கேலி செய்ய, அவள் அவர் மராத்தியைக் கேலி செய்ய, வீடு வீடாக இருந்தது. முடி மட்டும் நரைத்துப்போயிருந்தது. போனது போகட்டும், ஆள் வந்துவிட்டார் என்று இருந்தேன். இரண்டு சம்பளம் வருகிறது. கசார்வாடி ஃப்ளாட் இருக்கிறது, அதன் கடனும் எப்போதோ அடைந்துவிட்டது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கட்கியில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கே துர்க்கை சந்நிதியில் ராகு கால பூஜை உண்டு. எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்து, மூடியைத் திருப்பி நெய்விளக்கு ஏற்றுவோம். மகளுக்கு வரன் நல்லபடியாக அமைய வேண்டும் என்று வேண்டியிருந்தேன். அவர் எலுமிச்சம்பழப் பையை வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார். நாலரைக்கே பெண்கள் கூடிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு என்று தமிழ்ப் பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் குருக்கள் திரையை எடுக்கவில்லை. புதிதாக வந்தவர். ஐந்தே காலுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் முணுமுணுத்தாள். வேலை மெனக்கெட்டு உட்கார்ந்திருந்த என் கணவர்தான் எழுந்துபோய், ஏன் சாமி என்று கேட்டார்.

‘காலண்டர்ல இருக்கிறது ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம்னு வெச்சுப் போட்ட கணக்கு. இந்த ஊர்ல இப்போ பொழுது சாயவே ஏழு மணி ஆயிடறது. ராகு காலம் சூரியனை வெச்சுன்னா பாக்கணும்?’ என்றார் குருக்கள்.

நான் கையில் எலுமிச்சம்பழ மூடியோடு நின்றுகொண்டிருந்தேன். என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் அந்த முகத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்தது. குளிர்காலத்தில் இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தானே உதிக்கும் என்று குருக்களிடம் கேட்டார். ஆமாம், அப்போது காலை ராகு காலமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் என்றார் அவர். பாவம், அவருக்கு என்ன தெரியும்? கேட்டதற்குப் பதில் சொன்னார். இவர் எங்கே போகிறார் என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. விளக்கை எப்படி ஏற்றினேன் என்று நினைவில்லை.

ஆட்டோவில் வரும்போது அவர் வாய் ஓயவில்லை. ‘நான் இத்தனை நாளும் திருநெல்வேலி ராகு காலத்தப் பாத்து பூனாவுல யாவாரம் பண்ணிருக்கேன், பாத்துக்கோ. நல்ல நேரத்துல போன கவுத்துப் போட்டுட்டு, சரியான ராகு காலத்துல போய் பணத்தப் போட்டிருக்கேன். அளக்க கருவியே தப்பு. அப்பொறம் பீஸ் எப்படிச் சரியா வரும்?’

‘ஏங்க, முடிஞ்சத விடுங்களேன்’ என்றேன். அவர் விடவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றாமல், கீழ்வீட்டு மராத்தி நாட்காட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் தினமும் சூரிய உதயம் போட்டிருக்கும். அழித்திருந்த ஆப்பை மறுபடி இறக்கினார். பழைய ஆட்டமெல்லாம் தேதி, நேரத்தோடு அதில் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பெரிய தோல்விகளில் சில, பூனாச் சூரியன்படி ராகு காலத்துக்குள் வந்தன. அவை கிடைக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வராதவற்றைக் காட்டவில்லை. வராதவைதான் அதிகம் என்று மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அவள் கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. கோபத்தில் அவளுக்குத் தமிழ் இன்னும் தடுமாறும். ‘அப்பா, அந்த மார்க்கெட் எந்த ஊர்ல இருக்கு? அதுக்கு ஊரே நஹி. எந்த சூரியன் பாப்பீங்க?’

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசித்தார் என்பதே எனக்கு நம்பிக்கையாக இருந்தது. பிறகு, ‘போடுறவன் நான். நான் இருக்கது பூனால்லா’ என்றார். மகள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே மறுபடி ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. முதல் தடவை என்றால் கத்தியிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன். இரண்டாவது தடவை வரும்போது என்ன நடக்கும் என்று முழுக்கத் தெரிந்திருக்கிறது, அதுதான் ஆளைச் சோர்த்துவிடுகிறது. ஜெயிப்பார், காஜு கத்லி வரும், தோற்பார், குழாய் சரியாகும். அந்த ஒன்றரை மணி நேரத்தையாவது விடாமல் பிடித்துக்கொள்வோம் என்று நானும் பூனாச் சூரியனுக்கு மாறினேன். சனிக்கிழமை இட்லியைக் கொஞ்சம் பிந்தி ஊற்றினேன். செவ்வாய், ஞாயிறு சாயங்காலக் காபியையும் தள்ளி வைத்தேன். மற்ற நாளில் நேரம் கூடி வராது, போகட்டும் என்று விட்டேன்.

மிச்சமிருந்த பணம் கார்த்திகைக்கு முன்பே கரைந்தது. அதற்குப் பிறகுதான் ஃப்ளாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தார். பெண்கள் பெயரில் வீடு வாங்கினால் கடன் வட்டியில் கொஞ்சம் சலுகை உண்டு. அதனால்தான் அன்றைக்கு என் பெயரில் பதிந்தோம். அவர் அதைப் பற்றி அப்போது ஒரு பேச்சுக்குக்கூட யோசித்ததில்லை. இப்போது அதன் பேரில் கடன் வாங்க என் கையெழுத்து வேண்டும். விற்கச் சொல்லவில்லை, அடமானம்தான், மகள் கல்யாணத்துக்கு முன்னால் மீட்டுவிடலாம், இந்தத் தடவை கருவி சரியாக இருக்கிறது என்றார். நான் முடியாது என்றேன். மறுநாள் கேட்டார், அதற்கும் முடியாது என்றேன். கெஞ்சினார், இரண்டு நாள் பேசாமல் இருந்தார், திரும்பவும் கேட்டார். என் சம்பளத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அலுப்பில் கொடுத்திருப்பேன். இருக்கிற கூரையைக் கேட்டார். இது போனால் மகளை எந்த வீட்டிலிருந்து கல்யாணம் செய்து அனுப்புவது? நாங்கள் இரண்டு பேரும் எங்கே போய் இருப்பது? இதையெல்லாம் நான் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும்.

ஒரு விஷயம் கவனித்தேன். அத்தனை நச்சரிப்பிலும் ராகு காலத்தில் மட்டும் அவர் கையெழுத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் நல்ல காரியம் பேசக் கூடாது என்பது அவர் எண்ணம். அதனால் சனிக்கிழமை இட்லி நேரத்தில் நான் அக்கடா என்று உட்கார்ந்திருக்க முடிந்தது. எந்தப் பிரச்சனையும் இல்லாத பழைய தம்பதி மாதிரி, சட்னியில் உப்பு போதுமா என்று பேசிக்கொள்வோம்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அது. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். குளிர் வந்துவிட்டதால் நேரம் தள்ளியிருந்தது. பத்து மணிக்கு மேல்தான் இட்லித்தட்டை இறக்கினேன். அவர் வந்து உட்கார்ந்தார். போனைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைக்காமல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அவர் நகர்த்தி வைத்துக்கொண்டார். அதற்குள் அழைப்பு வந்தது. எடுத்து, ‘ஹாங், ஊப்பர் ஆயியே’ என்று மேலே வரச் சொன்னார். கடன் கம்பெனி ஆள் கீழே வந்து நிற்கிறாராம். திங்கட்கிழமை வேறு எங்கோ போகிறாராம், இன்றைக்கு விட்டால் ஒரு வாரம் ஆகும். இரண்டு கையெழுத்து மட்டும் போடு என்றார்.

என் மனதில் முதலில் வந்தது கோபம் இல்லை. ஆச்சரியம். சுவரைப் பார்த்தேன். அவரே பென்சிலால் எழுதி வைத்த நேரம் அங்கே இருந்தது.

‘ஏங்க, இப்ப ராகு காலம்.’

‘தெரியும்’ என்றார். ‘கையெழுத்துப் போடப்போறது நீதான. நானா போடுதேன்? எனக்கு ஒண்ணும் வராது.’

அவர் அதை என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. காரணம் தேடி, ஒத்துப் பார்த்து, சரியாக வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். கெட்டது வந்தால் போடுகிறவளுக்கு வரும், பணம் அவருக்கு வரும். அந்தக் கணக்கில் நான் யார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடம் கூட இருந்த மனுஷன். எனக்கு அழுகை வரவில்லை.

மணி அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். என் வயசுக்காரர்தான், தோளில் பை, கையில் உறை. ‘மேடம், சிர்ஃப் தோ சைன்’ என்று அவரும் இரண்டே கையெழுத்து கேட்டார். வீடு என் பேரில் இருக்கிறது, நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன், இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். இவர் நாற்காலியை விட்டு எழுந்து வரவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினார். கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

வீடு பிழைத்தது. இன்றைக்கும் அது என் பேரில்தான் இருக்கிறது. அதை யாரும் அசைக்க முடியாது.

திரும்பி வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். கத்துவார், தட்டைத் தள்ளுவார் என்று நினைத்தேன். அவர் போனைக் கையில் எடுத்து அந்த ஆப்பைத் திறந்திருந்தார். கணக்கில் என்ன மிச்சம் இருந்திருக்கும், ஒரு வாரக் காய்கறிக்கு ஆகலாம். அதைப் போடப் போகிறார் என்று கட்டைவிரல் நகர்ந்த விதத்திலேயே தெரிந்தது. ராகு காலம் பாதிகூட முடியவில்லை.

என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காக ஒருவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு வந்தவள், அடுத்த நிமிடம் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கெஞ்சினேன். ராகுவையும் கேதுவையும் இழுத்தேன், நேரம் சரியில்லை, இப்போது போட்டால் போய்விடும் என்றேன். அவர் கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு எனக்கு உண்மையிலேயே என்ன வேண்டுமோ அதைக் கேட்டேன்.

‘ராகு காலம் முடியிற வரைக்காவது என்கூட இருங்களேன்.’

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, ‘நீ சாப்பிடு’ என்றார்.